குளிருக்கு ஒரு பிளக்

எல்தோஸ் அவசரமாக ஜொமார்ட்டின் மாதிரி விமானத்திலிருந்து, இன்ஜினைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றினான். ஜொமார்ட் பெயர் பதியப் போயிருந்தார். இன்னும் ஐந்தே நிமிடத்தில் அல்மாட்டி நகர இறுதிப் போட்டி. ஜெயிப்பவனுக்கு தேசிய அணியில் இடம்.

எல்தோஸின் பிளக் காலையில் கருகிவிட்டது. “இந்தா தம்பி, இதப் போட்டுக்க. இந்தக் குளிருக்குத் தாங்கும்,” என்று வேறொன்றைக் கொடுத்தவரே ஜொமார்ட்தான்.

போட்டிக்காரன் நல்லதையா கொடுப்பான்?

இரண்டையும் மாற்றிப் பொருத்தினான்.

இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பிளக்கைச் சூடாக்கிய பேட்டரியின் இணைப்பை எடுத்ததும் எல்தோஸின் இன்ஜின் இருமி அணைந்தது. ஜொமார்ட்டின் விமானம் சீறிப் பறந்து ஜெயித்தது.

ஜொமார்ட் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

“குளிருக்கான பிளக் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் தம்பி இருந்துச்சு. எதிர்ல ஆளில்லாத போட்டியில ஜெயிச்சு என்ன பண்றதுன்னு அத உனக்குக் கொடுத்தேன். கோடைக்காலப் பிளக்க வச்சுக்கிட்டு என்னோடது எப்படிப் பறந்துச்சுன்னுதான் புரியல.”