பந்து வூடு

கதவுக்காக விட்டிருந்த கடைசி முக்கோணமும் அடைபட்டுவிட்டது. கம்பி வலைக்கு உள்ளே செல்லமுத்து. வெளியே அவன் மனைவி எழில்மதி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு காவல் நின்றாள்.

கொல்லையிலிருந்து வந்த மாமியார் ரங்கம்மாள், தலையிலிருந்த புல்லுக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க? என் புள்ளய எதுக்கு உள்ள போட்டு அடைச்சிருக்க?"

"மேஸ்திரி வண்டி போற வரைக்கும் அவரு உள்ளதான் கெடக்கணும் அத்த."

"எம்மா, நீயாவது சொல்லும்மா!" வலையைப் பிடித்து உலுக்கினான் செல்லமுத்து. அது அசைந்து கொடுக்கவில்லை.

அசையவும் அசையாது. கல்வராயன் மலையின் ஆடிக் காற்று, ஊர் மகளிர் குழுவின் சாமை சேமிக்கும் கொட்டகையை இரண்டு முறை பிய்த்து ஓடையில் போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த எழில்மதி காற்றுக்கு அசையாத கொட்டகை ஒன்றைக் கட்ட இறங்கினாள்.

சங்கராபுரத்திலிருந்து இரும்புக் குழாய்களை ஏற்றிவந்து, அறுபத்தைந்து துண்டுகளாக அறுத்தாள். முனைகளைத் தட்டையாக்கித் துளை போட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக முக்கோணம் முக்கோணமாகக் கோத்ததில், ஒரு மாதத்தில் அரை உருண்டையாக எழுந்து நின்றது. ஊரில் அதற்குப் பந்து வூடு என்று பெயர்.

கரடி கிழிக்காமலிருக்கத் தடித்த வலை. திருடன் கழற்றாமலிருக்க வெளிப்பக்கம் வழுவழுவென்ற மொட்டைத்தலை போல்ட்டு. நட்டு எல்லாம் உள்பக்கம். கதவு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மலைப்பாதை வளைவில் ஜீப்பின் ஹார்ன் கேட்டது. ரங்கம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டான்டி! இவன் போவலன்னா போலீசுல பேரை சொல்லிப்புடுவானே. தொறந்து வுடுடி, உனுக்குப் புண்ணியமாப் போவட்டும்!"

ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கிறவன் பாவாடை மேஸ்திரி. போன வருஷம் அவனோடு போன எட்டுப் பேரில் இரண்டு பேர் இன்னும் ஜெயிலில் இருக்கிறார்கள். செல்லமுத்து மட்டும் மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் காட்டில் நடந்து வீடு வந்து சேர்ந்தான். ஒருமுறை போனவன் மறுமுறை மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால், பழைய கேஸில் அவன் பெயரும் சேர்ந்துவிடும்.

மேஸ்திரி இரண்டு தடியன்களோடு மேலேறி வந்தான்.

"இன்னாடா செல்லமுத்து? ரோட்டுல பையோட நிக்கறேன்னுட்டு, இங்க கோழியாட்டம் அடைஞ்சிக்கினு இருக்க?"

"நான் கெளம்பிட்டேன் மேஸ்திரி! தோ பாருங்க, பைகூட வெளிய இருக்குது. ஒரு கை புடின்னு உள்ள கூப்ட்டு, இவதான் அடைச்சிட்டா!"

மேஸ்திரி எழில்மதியின் பக்கம் திரும்பினான். "தொறம்மா."

"முடியாது. என்னெ வெட்டிப் போட்டாலும் முடியாது." அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

ஒருவன் எட்டி உதைத்தான். இன்னொருவன் மேலே ஏறி நின்று குதித்தான். ஒரு குழாயில் விழுந்த பாரத்தை அறுபத்தைந்தும் பங்கு போட்டுக்கொண்டன. கடப்பாரையைக் கொடுத்து இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். அது வழுக்கிக்கொண்டு ஒருவன் முழங்காலைப் பதம் பார்த்ததுதான் மிச்சம்.

"ஸ்பேனர் போடலாம்னா புடிக்க எடமே இல்லண்ணே. நட்டு உள்ள இருக்குது."

"அப்ப நீயே கழட்டுடா!" என்று மேஸ்திரி வலைக்குள் பார்த்துக் கத்தினான்.

"ஸ்பேனருக்கு எங்க போவேன் மேஸ்திரி?" செல்லமுத்து வெறுங்கையால் ஒரு நட்டைத் திருகினான். தோல் கிழிந்து விரலில் ரத்தம் வழிந்தது. அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. கீழே ஜீப்பில் மற்ற ஆட்கள் ஹார்னை விடாமல் அடித்தார்கள்.

மேஸ்திரிக்கு அவமானம் தாங்கவில்லை.

"தூ! பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கினு முழிக்கற நீயெல்லாம் ஒரு ஆளு. உன் பேரைப் போயி சொன்னா என்னெப் பாத்துதான் போலீசு சிரிக்கும். இந்தக் கூண்டுலயே கெடடா. இனிமே உன்னெக் கூப்புட்டா ஏன்னு கேளு!"

ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு வளைவாகச் சத்தம் குறைந்து, கடைசியில் கேட்காமலே போயிற்று. கூட்டமும் கலைந்தது. எழில்மதி தரையில் உட்கார்ந்தாள்.

ரங்கம்மாள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"ஊரே கைகொட்டிச் சிரிக்குதுடி. கட்டின புருசனெ நாய அடைக்கறாப்புல அடைச்சிட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா? இனிமே என் வூட்டுப் பக்கம் காலெடுத்து வெச்சிடாத!"

எழில்மதி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ரங்கம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள்.

வலைக்கு உள்ளேயிருந்து செல்லமுத்துவின் குரல் வந்தது.

"அவள அடிக்காதம்மா. உள்ளேருந்து நட்டெ முடுக்கினதே நாந்தான். அடைக்கச் சொன்னதும் நாந்தான்."