ஆபீஸ் மானம்

"சார், அநியாயம்! நம்ம அக்கவுண்ட்ஸ் மேடம் மாடிப்படியில சிகரெட்டும் கையுமா நிக்கிறாங்க!"

மேனேஜர் அறைக்குள் ஓடி வந்த ஹெட்கிளார்க்குக்கு மூச்சிரைத்தது. ஏறியது என்னவோ நாலே படிதான். இருபது வருஷமாக ஊதிய ஊது சும்மா விடுமா?

"அது நாம நிக்கிற இடமாச்சே!" பதறினார் மேனேஜர்.

"அதான் சார் கொடுமை! பொம்பளை நின்னா நாங்க எங்க போறது?"

"பிள்ளைகுட்டிக்காரங்க சார். நுரையீரல் என்னத்துக்கு ஆகும்?" கூடவே வந்த ஸ்டோர்கீப்பர் உருகினார். சட்டைப்பையில் புது பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது.

"மெமோ குடுத்து வேலையை விட்டே தூக்குங்க சார். ஆபீஸ் மானம் போகுது!"

மேனேஜர் தாடையைத் தடவினார். "மெமோவுல என்னய்யா எழுதுறது? 'அப்ப நீங்க?'ன்னு திருப்பிக் கேட்டா?"

மூவரும் மேசைமேல் நிரம்பி வழிந்த ஆஷ்ட்ரேயைப் பார்த்தார்கள்.

"பேசாம எல்லாருக்கும் தடை போட்டுடுங்க சார். நாம கேட்டுக்கு வெளியே போய் ஊதிக்கலாம்," என்று மாபெரும் தியாகம் செய்தார் ஹெட்கிளார்க்.

அரை மணி நேரத்தில் படிக்கட்டுச் சுவரில் மேனேஜர் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்டியாயிற்று. ஒரு பல்பு மாற்றவே மூன்று மாதம் எடுக்கும் ஆபீஸ் அது.

மேடத்தை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இனிமே மாடிப்படியில யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாதும்மா. எல்லாம் உங்க உடம்பு மேல இருக்கிற அக்கறையிலதான்," என்றார் மேனேஜர் குழைவாக.

"ரொம்ப நன்றி சார்."

மேடம் கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஆஸ்துமா சார். படிக்கட்டுக்குப் பக்கத்துல சீட்டு. புகை தாங்கலைன்னு ஒரு வருஷமா உங்க மூணு பேர்கிட்டயும் கெஞ்சிட்டேன். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா'ன்னீங்க."

மேனேஜர் விழித்தார். "அப்ப அந்த சிகரெட்டு?"

மேடம் அதை மேசைமேல் வைத்தார். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பத்த வைக்க வேண்டிய அவசியமே வரலை சார்."