சக ஊழியர் குரல்: பூஜ்ஜியம்

நூற்பாலையில் எல்லோருடைய காதுக்குள்ளும் ஒலிக்கருவி பதித்திருந்தார்கள். வேலை நேரத்தில் அதன் ஒலியளவு: மேஸ்திரியின் குரல் நூறு, சக ஊழியர் குரல் பூஜ்ஜியம்.

குழலி தற்செயலாகத் திரும்பியபோதுதான் பக்கத்தில் வேலை செய்த தெய்வானையின் கை தோள்வரை இயந்திரத்துக்குள் போயிருப்பதைப் பார்த்தாள். எத்தனை முறை கத்தினாளோ! குழலி ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தி, ரத்தத்தோடு அவளை மடியில் கிடத்தினாள். தெய்வானையின் உதடுகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.

"மேஸ்திரி, இவ பேசறது கேக்கலீங்க! சத்தத்தைக் கூட்டி வுடுங்க!" என்று மேலிருந்த கண்காணிப்புக் கேமராவைப் பார்த்துக் கதறினாள்.

"ஆம்புலன்ஸ் வருதும்மா. சத்தம் ஷிப்ட் முடிஞ்சாத்தான் தொறக்கும். என் கையில இல்ல," என்றது காதுக்குள் மேஸ்திரியின் குரல்.

"நான் இங்கதான் இருக்கேன் புள்ள," என்றாள் குழலி. தெய்வானைக்கு அது கேட்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருமுன்னே ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து சத்தம் திறந்தது. தெய்வானையின் உதடுகள் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருப்பது குழலிக்கு அப்போதுதான் கேட்டது.