சிவப்பு நாஸில்

“செத்து இருபத்தாறு வருஷம் ஆன புருஷன் கல்லை இவ்வளவு அக்கறையா யாரும்மா கழுவுறாங்க?” என்றான் வெர்ஜில்.

தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து, கல்லறைகளுக்கு நடுவே உருட்டி வந்ததிலேயே நடீனுக்கு மூச்சு வாங்கியது. திங்கட்கிழமை, நாடு முழுக்க இறந்தவர்களுக்கான நினைவு நாள். ஊரே பூவும் கொடியுமாக வந்துவிடும். செவ்வாய்க்கிழமை அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் வெர்ஜில். தண்ணீர்க் குழாயை அவனே மாட்டிக் கொடுத்தான்.

“இது நம்ம இண்டியானா சுண்ணாம்புக்கல்லு. மழையில ஊறி ஊறி மாவா இருக்கும். குழாய் முனையில வெள்ளை நாஸிலை மட்டும் போடுங்க, தண்ணி விசிறியாட்டம் விரியும். சிவப்பைத் தொட்டுடாதீங்க. ஊசி மாதிரி ஒத்தைக் கோடா வரும், பூட்ஸையே அறுத்துரும்.”

“அதே குழாய்த் தண்ணிதானே?”

“அதேதான். உள்ள இருக்கிற பம்ப் அதை நெருக்கி நெருக்கி, துளியூண்டு ஓட்டை வழியாத் தள்ளுது. போக வேற வழியில்லேன்னா தண்ணிக்கும் கோவம் வருமில்ல?”

சிரித்துக்கொண்டே புல் வெட்டப் போய்விட்டான். நடீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லின் இடப்பக்கம் ஹார்லன். பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலப்பக்கம் நடீன், பிறந்த வருஷம், சின்னதாக ஒரு கோடு, பிறகு வெற்றிடம். அவனை அடக்கம் செய்தபோதே, ஊர் வழக்கப்படி, அவள் பெயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

“எதுக்கும் பயப்படாதேம்மா. எது நடந்தாலும் அப்பா பக்கத்துலயே உன் இடம் தயாரா இருக்கு. கல்லுல பேரே இருக்கே,” என்று நேற்று மகள் டெனிஸ் போனில் ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகு நடீன் கண் மூடவில்லை.

விசையை வலது கையால் அழுத்தினாள். இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. என்றோ உடைந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் ஹார்லன்தான் சொன்னான்.

பச்சையாக அழுக்கு வழிந்தது. போதவில்லை. கிட்டே போனாள், இன்னும் கிட்டே. அரை மணி நேரமாகியும் போதவில்லை. வாஷரின் டாங்கில் பெட்ரோல் அடியைத் தொட்டிருந்தது. வெள்ளை நாஸிலைக் கழற்றிப் புல்லில் போட்டாள்.

சிவப்பு நாஸில் தோளை உதைத்தது. கல் பால் போலக் கரைந்து முகத்தில் தெறித்தது. மூக்குக் கண்ணாடியை மறைத்தது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. ‘கடவுளே, பெட்ரோல் தீருறதுக்குள்ள. இந்த நெஞ்சு நிக்கறதுக்குள்ள.’

“நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா!”

வெர்ஜில் ஓடி வந்து எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் மிச்சமிருந்தது. அவள் இன்னொரு முறை விசையை அழுத்தினாள். கடைசித் தண்ணீர் சீறி அடங்கியது.

ஹார்லன் பக்கம் பாசி அப்படியே இருந்தது. அவள் பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உங்க பேரே போயிருச்சு பாருங்க. சரி, அழாதீங்க. கல் வெட்டுறவன்கிட்ட நானே சொல்றேன், மறுபடி வெட்டிக் கொடுப்பான்.”

நடீன் அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் வெர்ஜில். அவன் பக்கத்துல மட்டும் என்னைப் படுக்க வெச்சிராதே.”