பல் இல்லாத டயர்

“அண்ணே, இது டயரா, வழுக்கை மண்டையா?”

சின்ன டிராக்டரின் பின் சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான் டயர் கடைக்காரன். ஓட்டி வந்தவர் தொப்பியைத் தூக்கித் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

“எதைச் சொல்றீங்க தம்பி?”

“ரெண்டையும்தான். ஆனா டயருக்கு மட்டும்தான் என்கிட்ட வழி இருக்கு.”

டிரைவர் அந்தக் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. இறங்கியதும் கடைக்காரன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்னால் கோத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு புது டயர்கள். விரல் உயரத்துக்குப் பல் வைத்தவை, உழவு வண்டிக்குப் போடுகிற ரகம்.

“மேனேஜர் வாங்கினது. மாட்டிட்டு வரச் சொன்னாரு.”

“நல்ல டயர். மாட்டிடுவோம்.”

“மாட்ட வேணாம்.”

கடைக்காரன் ஜாக்கியைக் கீழே வைத்தான்.

“மாட்டிட்டு வரச் சொன்னாரு, மாட்ட வேணாம். ஏண்ணே, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“அதோ தொங்குதே, அகலமா, பல் இல்லாம, அந்த ஜோடி வேணும். இதை வச்சுக்கிட்டு அதைக் குடுங்க. பல் டயர் புல்லைக் கிழிச்சிடும்னு மேனேஜருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. கடைக்காரர் சொன்னா நம்புவாரு. நான் சொன்னா சாக்குப்போக்குங்கிறாரு.”

“அவர் எதுக்குப் பல் டயர் வாங்கினாரு?”

“மழையில சறுக்கிடுச்சு.”

“எங்க போய் நின்னுச்சு?”

டிரைவர் தொண்டையைச் செருமினார். “அவரோட சைக்கிள் மேல.”

கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அப்ப அவர் வாங்கினதுதான் சரி. பேச்சை மாத்தினா அப்புறம் என் கடைக்கு வந்து சட்டையைப் பிடிப்பாரு.”

ஜாக்கி ஏறியது. சக்கரம் கழன்றது. காற்றை இறக்கி, விளிம்பை மிதித்து, கம்பியால் நெம்பிப் பழைய டயரைப் பிரித்தான். ட்யூபை வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஒரு ஒட்டுகூட இல்லையே!”

“வாரம் தவறாம காத்துப் பாப்பேன். ஓட்டி முடிச்சா மண்ணைக் கழுவிடுவேன். வெயில்ல வெடிக்காம சாக்கு போட்டு மூடிடுவேன்.”

“கைக்குழந்தை தோத்துது போங்க. தாலாட்டும் உண்டா?”

“உண்டு. ஆனா தூங்கிப் போறது நான்தான்.”

பேச்சு பேச்சாக இருக்க, கடைக்காரன் கை நிற்கவில்லை. விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, அம்புக்குறி முன்பக்கம் பார்க்கும்படி வைத்துப் பல் டயரை ரிம்மில் ஏற்றினான். காற்று ஏறியது. ‘டப்’ என்று விளிம்பு உட்கார்ந்தது. சக்கரத்தை வண்டியில் மாட்டி நட்டுகளை முடுக்கினான்.

“பாருங்க, சிங்கம் மாதிரி இருக்கு.”

டிரைவர் சிரிக்கவில்லை. “இதோட நான் உள்ளே போக மாட்டேன் தம்பி. சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

“ஒரு டயருக்காக வேலையை விடுவீங்களா? வீட்டுல அண்ணி சும்மா விடுவாங்களா?”

“ஒரு வாரம் பேச மாட்டா. அது நிம்மதிதான்.” அவருக்கே சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. “விளையாட்டுக்குச் சொல்லல. கழட்டிடுங்க.”

“எந்த இடம்ணே அது? பந்து விளையாடுற மைதானமா?”

“விளையாட மாட்டாங்க.”

“பங்களாவா?”

“பங்களா இல்ல. ஊருக்கு வெளியே ஒரு பெரிய இடம்.”

“புல்லுதானே? கிழிஞ்சா மறுபடி முளைச்சிடும்.”

“முளைக்கும். அதுவரைக்கும் தடம் தெரியுமே.”

“தெரிஞ்சா? புல்லு போலீசுக்கா போகப் போகுது?”

“பாக்க வர்றவங்க மனசு கஷ்டப்படும்.”

கடைக்காரன் அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்தினான். டிரைவர் குறுக்கே வந்து நின்றார்.

“வழியை விடுங்கண்ணே. மேனேஜருக்கே மேனேஜர் மாதிரி நிக்கிறீங்க.”

“ஒரு போன்தான் தம்பி.”

“நான் எதுக்குப் பொல்லாப்பு சுமக்கணும்? ஊர்ல இல்லாத புல்லு! கால் வச்சா நோகும், சக்கரம் வச்சா அழும். என்கிட்ட மறைக்கிற அளவுக்கு அப்படி என்னதான்ணே இருக்கு அங்க?”

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

“நான் கல்லறைத் தோட்டத்துல புல்லு வெட்டுற வண்டி ஓட்டுறேன் தம்பி. உங்க சம்சாரத்தை அடக்கம் பண்ணின இடத்துல இப்பத்தான் புல்லு வேர் பிடிக்குது.”

கடைக்காரன் மண்டியிட்டு, தான் முடுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.