ஃபேனும் சுவர் ஓட்டையும்

விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்கிற அறை அது. ஜன்னல் கிடையாது. ஒரு சுவரில் மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். எதிர்ச்சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் புதுக்காற்று வரும்.

ஃபேனுக்கு அந்த ஓட்டையைக் கண்டாலே ஆகாது. "நான் நாள் முழுக்க மாடா உழைக்கிறேன். இது வாயைப் பிளந்துகிட்டு சும்மா கிடக்கு" என்று பொருமும்.

ஒருநாள் கூடு கட்ட இடம் தேடி அணில் ஒன்று வந்தது. "அந்த ஓட்டை வெட்டியாத்தான் கிடக்கு, எடுத்துக்க" என்றது ஃபேன். அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து ஓட்டையை நன்றாக அடைத்துக் குடியேறியது.

மறுநாளே அறை புழுங்கியது. இழுக்கக் காற்றில்லாமல் ஃபேன் கடகடவென்று அலறியது. தக்காளி நாற்று தலையைத் தொங்கப் போட்டது.

"முன்னெல்லாம் ஃபேன் அண்ணன் சத்தமே காட்ட மாட்டாரு. இப்பத்தான் உண்மையா வேலை செய்றாரு" என்றது வாடிய புதினா.

"அவரும் இல்லேன்னா நம்ம கதி என்ன?" என்றது தக்காளி, மூச்சு வாங்கியபடி.

ஃபேனுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அணிலைக் கூப்பிட்டது.

"கதவுக்கு அடியில ஒரு சந்து சும்மா கிடக்கு. உன் சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லேன்."