நடந்தே வருகிறேன்

பெட்டி வாசலோரம் கயிறு கட்டித் தயாராக நின்றது. கடைசியாக அதன் மேல் செருகிக்கொள்ள மேப்பை எடுத்த டிரைவர், அதை விரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"என் மேப்புல யாரு கோடு போட்டது?"

"நான்தான்," என்றாள் டெய்லரம்மா, மெஷினை நிறுத்தாமல். "மலைக்கோயிலுக்கு நடந்து போறேன். வேண்டுதல்."

துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் ஊரிலிருந்து மலைவரைக்கும் ஒரே நேர்கோடு. பாவாடைக்கு அளவெடுப்பது போல நாடாவை வைத்து இழுத்திருந்தாள்.

"இது ஏரி. இது சதுப்பு. இதுக்குள்ள நேரா போக நீ என்ன வாத்தா?"

"மூழ்கினா மூழ்கிட்டுப் போறேன். உங்களுக்கென்ன?"

நெடுந்தூர லாரி ஓட்டியே தலை நரைத்த மனிதர். எவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், தப்பான வழியில் போகிறவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. மேப்பை மேஜை மேல் விரித்தார்.

"எப்படிப் போறதா உத்தேசம்?"

"வெறுங்காலோட. ஒரு வேளைச் சாப்பாடு. ராத்திரி எங்க இடம் கிடைக்குதோ அங்க படுக்கை."

"காலைல எழுந்ததும் குதிகால் வலின்னு சுவத்தைப் பிடிச்சிட்டு நடக்கிறவ நீ. வெறுங்காலாம்! உடம்பைக் கெடுத்துக்கிட்டுத்தான் வரணும்னு சாமி சொல்லுச்சா?"

"நீங்க சொல்லாததையா சாமி சொல்லிடப் போகுது?"

அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டிரைவர் பேனாவை எடுத்தார். சாக்குக்கட்டிக் கோட்டை உள்ளங்கையால் அழித்துவிட்டு, வளைந்து வளைந்து ஒரு புதுக் கோடு போட்டார்.

"ஆத்தோரமா மண் ரோடு இருக்கு. மேடே கிடையாது. வெயிலுக்கு முன்னாடி நட, மத்தியானத்தோட நிறுத்து. நல்ல ஷூ வாங்கு, ஒரு சைஸ் பெருசா. நடக்க நடக்கக் கால் வீங்கும். மூட்டையைத் தூக்காதே. பால் வண்டிக்காரன் எனக்கு வேண்டியவன், அங்கங்கே லாட்ஜுல உன் பையை முன்னாடியே இறக்கி வெச்சிடுவான்."

"இது வேண்டுதலா, கல்யாண ஊர்வலமா?"

"கேளுடி முழுசா. பாலத்துக்கிட்ட ஒரு கடை. ஆத்து மீனை உப்பு மட்டும் தடவி, தணல்ல சுட்டுத் தருவான். அந்தத் தண்ணியில வளர்ற மீனுக்கு மசாலாவே வேண்டாம். அடுத்த ஊர்ல காளான் குழம்பு, கறியெல்லாம் கிட்ட நிக்க முடியாது. அதுக்கப்புறம் காட்டுத் தேன். சுடச்சுட ரொட்டியை அதுல முக்கி…"

மெஷின் நின்றது.

"தெரியும். ஒவ்வொரு கடை வாசல்லேருந்தும் போன் பண்ணி வர்ணிச்சீங்களே! நான் இங்க மிச்சம் மீதியைத் தின்னுக்கிட்டு 'உம்' கொட்டினேன். வீட்டுக்கு வந்தா மட்டும் என் குழம்புல உப்பில்லை, உறைப்பில்லைன்னு தட்டைத் தள்ளுவீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வா, வண்டியில ஏறு'ன்னு சொல்லியிருக்கீங்களா?"

"லாரியில பொம்பளையை ஏத்திக்கிட்டு…"

"கிளீனர் ஏறலாம். கிளீனரோட மச்சான் ஏறலாம். ஊரான் வீட்டு ஆடு ஏறலாம். நான் ஏறக் கூடாது!"

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போன டிரைவர் ஓர் அலமாரியைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். எந்த ரோட்டில் எந்தக் கடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். டம்ளர் எங்கே என்று தெரியவில்லை.

"அதெல்லாம் இடம் மாத்தி ரொம்ப நாளாச்சு," என்று குரல் வந்தது. "ஜன்னல்கிட்ட பாருங்க."

குடித்துவிட்டு வந்தவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வேணும்னா நான் பின்னாலேயே வண்டியை மெதுவா ஓட்டிட்டு வரட்டுமா? கால் வலிச்சா ஏறிக்கலாம்."

"வேண்டாம்."

"அந்த மீனை ரெண்டு பேரா உட்கார்ந்து சாப்பிட்டா…"

"வேண்டாம்னேன்ல!"

"அப்போ எங்கேயாவது விழுந்து கிட! எனக்கென்ன வந்தது?" பேனாவை வீசி எறிந்தார். பிறகு அவரே குனிந்து பொறுக்கி, பாலத்தருகே மீன் கடைக்குக் கோபமாக ஒரு வட்டம் போட்டார். "லாட்ஜுல கீழ் ரூமா கேளு. மாடி ஏறாதே. வெந்நீர்ல காலை ஊற வை. சனியன், சொன்னா கேக்கவா போறே!"

டெய்லரம்மா மெஷினிலிருந்த துணியை எடுத்து மடித்தாள். அவள் திருப்பித் திட்டாதது டிரைவருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"நீ வாயால திட்டினாலும் மனசு எனக்குத் தெரியும். லாரி கவிழ்ந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, நீ கண்ணை மூடி உதட்டை அசைச்சதைப் பார்த்தேன். அந்த வேண்டுதல்தானே இது? எனக்காகத்தானே நடக்கப் போறே?"

அவர் கண் கலங்கிவிட்டது. அவள் எழுந்து வந்து மேப்பைப் பார்த்தாள். வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"ஷூ வாங்கிக்கறேன். இந்தக் கடையில நின்னு சாப்பிடுறேன். மேப்பு இங்கேயே இருக்கட்டும்."

"அப்போ எனக்காகத்தான்!"

"அந்த வேண்டுதலை நீங்க எழுந்து நடந்த வாரமே முடிச்சுட்டேன். இது வேற."

"வேற என்ன?"

டெய்லரம்மா வாசலோரம் இருந்த பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"கோர்ட்டுல விவாகரத்து கிடைச்சா நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."